வில்லன் ஏன் சுடாமல் கட்டிப்போடுகிறான்?

துப்பாக்கி வில்லனிடம் இருக்கிறது. நாயகன் நாற்காலியில். கைகள் பின்னால் கட்டியிருக்கின்றன, மார்பைச் சுற்றி நாலு சுற்றுத் தாம்புக்கயிறு. ஒரே ஒரு தோட்டா போதும், வேலை முடிந்தது. ஆனால் வில்லன் சுடுவதில்லை. நாற்காலியைச் சுற்றி நடக்கிறான், சிரிக்கிறான், தன் திட்டத்தை ஒன்றுவிடாமல் ஒப்பிக்கிறான். அவன் பேசி முடிப்பதற்குள் நாயகன் முடிச்சை அவிழ்த்துவிடுகிறான்.

"சுட்டுட்டா படம் முடிஞ்சிடுமே" என்று தியேட்டரிலேயே யாராவது பதில் சொல்லிவிடுவார்கள். கிண்டலாகச் சொன்னாலும் அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

சாகசக் கதை என்றால் ஓட்டம். துரத்தல், தாவல், கடல் பயணம், வாள் சண்டை. அந்த ஓட்டத்தின் நடுவில் நாயகனின் உடலை எழுத்தாளர் வேண்டுமென்றே நிறுத்துகிறார். உடல் நின்றால் வேறு ஏதாவது நகர வேண்டும். என்ன நகர்கிறது என்று கவனித்தால், அது நல்ல காட்சியா, பக்கம் நிரப்பும் காட்சியா என்று தெரிந்துவிடும்.

## நான்கு விதமான பிடி

"மாட்டிக்கொண்டான்" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். கதைக்குள் அது நான்கு வேறு நிலைகள்.

1. கட்டு. கயிறு, சங்கிலி, விலங்கு. உடல் அசைய முடியாது. 1726-இல் வெளிவந்த கல்லிவரின் பயணக் கதையில் லில்லிபுட் மனிதர்கள் முதலில் நூல் போன்ற கயிறுகளால் தரையோடு சேர்த்துக் கட்டுகிறார்கள். அப்புறம் இடது காலில் சங்கிலிகளை மாட்டி 36 பூட்டுகள் போடுகிறார்கள்.

2. அடைப்பு. நிலவறை, கோட்டை, தீவு. உள்ளே நடக்கலாம், வெளியே போக முடியாது. இதில் கயிற்றைவிடக் காலம்தான் பெரிய எதிரி.

3. பிணை. கைதி ஒருவரின் உயிரைக் காட்டி வேறொருவரின் கையைக் கட்டுவது. பிணைக்கைதி நாற்காலியில் இருப்பார். உண்மையில் கட்டுண்டவர் வெளியே நிற்கும் நாயகன்.

4. வாக்கு. கயிறும் இல்லை, பூட்டும் இல்லை. "ஓடமாட்டேன்" என்று சொன்ன சொல் மட்டும். செய்தித்தாளில் அடிக்கடி வரும் 'பரோல்' என்பதே பிரெஞ்சு மொழியில் 'சொல், வாக்கு' என்று பொருள்படும் சொல்தான். போரில் பிடிபட்ட அதிகாரி, தப்பமாட்டேன் என்று மானத்தின் மேல் கொடுத்த வாக்குறுதியிலிருந்து வந்த வழக்கு அது.

மலிவான கதை முதல் வகையோடு நின்றுவிடும். நல்ல கதை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்.

## உயிரோடு வைத்திருக்கக் காரணம் வேண்டும்

கைதியைக் கொல்லாமல் வைத்திருக்க வில்லனுக்கு ஒரு தேவை இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில்தான் நாம் சிரிக்கிறோம். வழக்கமாக வரும் தேவைகள் மூன்று: கைதிக்கு ஒரு ரகசியம் தெரியும், கைதிக்கு ஒரு விலை கிடைக்கும், கைதி செத்தால் வில்லனுக்கே நஷ்டம்.

மூன்றாவதுதான் அபூர்வம், அதுதான் சுவாரசியமும். ஆந்தனி ஹோப் 1894-இல் எழுதிய ஜெண்டா கைதியின் கதையில் முடிசூடப்போகும் அரசனை அவன் தம்பி மைக்கேல் கோட்டையில் அடைத்துவிடுகிறான். அரசனைப் போலவே முகமுள்ள ஓர் ஆங்கிலேயன் அந்த இடத்தில் உட்கார்ந்து முடிசூட்டிக்கொள்கிறான். இப்போது மைக்கேல் என்ன செய்வான்? உண்மையான அரசனைக் கொன்றால் போலி அரசனே நிரந்தரமாகிவிடுவான். "அவன் போலி" என்று ஊரறியச் சொன்னால், உண்மையானவன் எங்கே என்ற கேள்வி வரும். போலியின் நிலையும் அதேதான்: மைக்கேலைப் பிடித்து உள்ளே தள்ளினால் உண்மையான அரசன் அங்கேயே சாவான். இருவரும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கோட்டையைத் தாக்கினால் காவலர்கள் அரசனைக் கொன்று, உடலில் கனம் கட்டி, அகழிக்குள் இறங்கும் குழாய் வழியாகத் தள்ளிவிட வேண்டும் என்பது உத்தரவு. ஆக, கைதி உயிரோடு இருப்பதற்கும் காரணம் உண்டு, சாவதற்கும் ஏற்பாடு உண்டு. 'ஏன் சுடவில்லை' என்ற கேள்வியே இங்கே எழாது.

விலை என்ற காரணத்தை ஓ. ஹென்றி 1907-இல் தலைகீழாகக் கவிழ்த்தார். இரண்டு பேர் ஒரு பணக்காரரின் பத்து வயதுப் பையனைக் கடத்தி 1,500 டாலர் கேட்கிறார்கள். பையன் படுத்தும் பாட்டில், கடைசியில் அவர்களே அப்பாவுக்கு 250 டாலர் கொடுத்து அவனைத் திருப்பி ஒப்படைத்துவிட்டு ஓடுகிறார்கள். யார் யாரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பது கயிற்றைப் பார்த்தால் தெரியாது.

இதையே நம் வீட்டுக் கதையும் சொல்லியிருக்கிறது. இந்திரசித்தின் பிரம்மாஸ்திரத்தில் அனுமன் கட்டுண்டு கிடக்கும்போது, அரக்கர்கள் அவசரப்பட்டு மேலும் சணல் கயிறுகளால் கட்டுகிறார்கள். அந்த அஸ்திரம் வேறு கட்டைப் பொறுக்காது என்பதால் அது விலகிவிடுகிறது என்கிறார் வால்மீகி. இந்திரசித்துக்கு விஷயம் புரிகிறது. அனுமனோ ஒன்றும் தெரியாதவன்போல் இழுபட்டுப் போகிறான். இராவணனை நேரில் பார்க்க வேண்டும், அதற்கு இதைவிட எளிய வழி கிடையாது. காவல் போட்டு, வழிகாட்டி, நேராகச் சபைக்கே கூட்டிப்போகிறார்களே!

பெருமை பேசுவதற்காக மட்டும் கைதியை வைத்திருக்கும் வில்லன் நாலாவது ரகம். அவனை நாடக மேடையிலிருந்து சினிமா வாங்கிக்கொண்டது. வாசகருக்குச் சொல்லவேண்டியதை வேறு வழியில் சொல்லத் தெரியாத எழுத்தாளர், அதை அவன் வாயில் போட்டுவிடுகிறார். சரி, அவனை விட்டுவிடுவோம்.

## நின்ற உடலும் நகரும் மனமும்

அடைப்புக் கதைகளுக்கெல்லாம் பெரியண்ணன் அலெக்சாந்தர் தூமா 1844 முதல் 1846 வரை பிரெஞ்சு நாளிதழில் தொடராக எழுதிய மான்டி கிறிஸ்டோ பிரபுவின் கதை. எட்மண்ட் தாந்தே என்ற மாலுமி, செய்யாத குற்றத்துக்காக மார்செய் நகருக்கு எதிரே கடலில் நிற்கும் இஃப் கோட்டையில் 14 ஆண்டுகள் கிடக்கிறான். தப்பிக்கச் சுரங்கம் தோண்டிய ஃபரியா என்ற பாதிரியார் திசை தவறி, தாந்தேயின் அறைக்குள் வந்துசேருகிறார். அந்தத் தவறான சுரங்கம் பள்ளிக்கூடமாகிறது. மொழிகள், கணிதம், வரலாறு எல்லாம் கற்றுக்கொள்கிறான். எழுதப்படிக்க ஓரளவே தெரிந்த கப்பல்காரன் உள்ளே போகிறான், எந்தச் சபையிலும் உட்காரத் தகுந்தவன் வெளியே வருகிறான். வரும் வழியும் லேசானதல்ல: இறந்துபோன பாதிரியாரின் சவப்பைக்குள் தானே புகுந்துகொள்கிறான். காலில் பீரங்கிக் குண்டைக் கட்டிக் கடலில் எறிகிறார்கள். சிறைக்குச் சுடுகாடு கடல்தான் என்பது அவனுக்கு அதுவரை தெரியாது.

ஃபரியா என்ற பெயர் தூமாவின் கற்பனை அல்ல. கோவாவின் காண்டோலிமில் 1756-இல் பிறந்து பாரிசில் மனோவசியத்தால் புகழ்பெற்ற ஒரு பாதிரியாரின் பெயர் அது. பணஜியில் அவருக்குச் சிலை இருக்கிறது.

தமிழ் வாசகருக்குப் 'பொன்னியின் செல்வ'னின் பாதாளச் சிறை நினைவுக்கு வரலாம். 1950 முதல் 1954 வரை வார இதழில் வந்த தொடர். அதில் வந்தியத்தேவன் நின்றால் கதையே நின்றுவிடும், அவ்வளவு ஓட்டக்காரன். அவனைக் கல்கி பாதாளச் சிறையில் தள்ளுகிறார். அங்கே பைத்தியக்காரன் என்று பெயரெடுத்த இன்னொரு கைதி. நாட்டின் பெரிய ரகசியங்கள் அவனிடம்தான் இருக்கின்றன. வெளியே ஐந்நூறு பக்கம் குதிரையில் அலைந்தும் கிடைக்காத செய்தி, நாலு சுவருக்குள் கிடைக்கிறது.

தொடர்கதைக்கு இந்த உத்தி பிடித்துப்போனதற்கு வியாபாரக் காரணமும் உண்டு. ஓடிக்கொண்டிருப்பவனை 'தொடரும்' போட்டு நிறுத்தினால் வாசகர் அடுத்த வாரம்வரை தாங்குவார். கட்டிப்போடப்பட்டவனை நிறுத்தினால் வாரம் முழுக்க அவரே அவிழ்த்துப் பார்ப்பார்.

## அவிழ்வதற்கு ஒரு நியாயம்

கைதி தப்புவான் என்று வாசகருக்குத் தெரியும். எப்படி என்பதுதான் பந்தயம். இங்கே எழுதப்படாத ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது: விடுதலைக்கான கருவி கட்டு விழுவதற்கு முன்பே, அல்லது கட்டின் ஒரு பகுதியாகவே, வாசகரின் கண்ணில் பட்டிருக்க வேண்டும். திடீரென்று செருப்புக்குள்ளிருந்து பிளேடு முளைத்தால் அது மோசடி.

இந்த ஒப்பந்தத்தைக் கச்சிதமாகக் காப்பாற்றிய சிறுகதை எட்கர் ஆலன் போவின் 1842-ஆம் ஆண்டுக் கதை. ஸ்பெயினில் மத விசாரணைச் சிறை. கைதி ஒரு மரச்சட்டத்தில் நீண்ட பட்டையால் கட்டுண்டு கிடக்கிறான். மேலிருந்து கத்திபோன்ற ஊசல் ஆடியாடி இறங்குகிறது. சாப்பாட்டை எடுத்து உண்ணும் அளவுக்கு மட்டும் இடது கை விடுபட்டிருக்கிறது. தட்டில் காரமும் மசாலாவும் ஏறிய இறைச்சி, பக்கத்தில் தண்ணீர் கிடையாது. தாகத்தால் துடிக்கவைக்கவே அந்த ஏற்பாடு. தரையெங்கும் எலிகள். கடைசி நேரத்தில் அவன் அந்த மசாலாவை எடுத்துப் பட்டையின்மேல் தேய்க்கிறான், எலிகள் கடித்து அறுக்கின்றன. சித்திரவதைக்கு வைத்த சோறு, வெறுப்பூட்டிய எலி, தின்பதற்காக விட்ட கை: மூன்றும் வில்லன் கொடுத்தவை. வெளியிலிருந்து ஒன்றுகூட வரவில்லை. (அதே கதையின் கடைசிப் பத்தியில் பிரெஞ்சுத் தளபதி ஒருவர் திடுமென வந்து காப்பாற்றுவது வேறு விஷயம். அதை மன்னிக்க எனக்கு மனம் வருவதில்லை.)

உண்மையான கயிறு எப்படி அவிழும் என்று உலகத்துக்குக் காட்டியவர்கள் மேடைக்காரர்கள். அவர்களில், கட்டுகளிலிருந்து தப்பிக் காட்டிய ஹூடினியின் பெயரே வித்தையின் பெயராகிவிட்டது. கயிற்று வித்தையின் அடிப்படை எளிது: கட்டும்போதே தளர்ச்சியைச் சம்பாதித்துவிட வேண்டும். மூச்சை இழுத்து மார்பை விரித்து, தசையை முறுக்கி, மணிக்கட்டைச் சற்றுத் திருப்பி வைத்துக்கொண்டால், பிறகு மூச்சை விட்டதும் ஒரு விரல் இடம் கிடைக்கும். கயிறு நீளமாக இருந்தால் கட்டுபவருக்கு நல்லது என்று நினைக்கிறோம். வித்தைக்காரருக்குத்தான் நல்லது, அத்தனை சுற்றிலும் தளர்ச்சி இருக்கும்.

ஆனால் 1904 மார்ச் 17 அன்று லண்டன் ஹிப்போட்ரோம் அரங்கில் நடந்ததைக் கதாசிரியர்கள் கவனிக்க வேண்டும். ஒரு நாளிதழ் விட்ட சவால். பர்மிங்காம் கொல்லர் ஒருவர் செய்த விசேஷ விலங்கு. ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஹூடினிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நடுவில் முழங்கால் வலிக்கிறது என்று மெத்தை கேட்டு வாங்கினார். வெக்கை தாங்காமல் கோட்டைக் கழற்ற விலங்கை அவிழ்க்கச் சொன்னார், மறுத்துவிட்டார்கள். பேனாக்கத்தியை வாயில் கவ்விக் கோட்டையே கிழித்து எறிந்தார். பின்னணியில் ஏதோ ஏற்பாடு இருந்ததா என்று இன்றுவரை பேசுகிறார்கள். இருந்தால் இருக்கட்டும். கூட்டத்தை இருக்கை நுனியில் வைத்தது விலங்கு திறந்த நொடி மட்டுமல்ல, அந்த மெத்தையும் கிழிந்த கோட்டும்தான். உலகின் தேர்ந்த கைக்கே ஒரு மணி நேரம் ஆகிறது. நம் நாயகன் ஒரு பத்தியில் அவிழ்த்துவிடுகிறான்.

## உடம்பு போடும் கணக்கு

கதைகள் வழக்கமாகப் பொய் சொல்லும் இடங்கள் சில உண்டு. தெரிந்தே அனுமதிப்பது ஒன்று, தெரியாமல் நம்பிவிடுவது வேறு.

1. மயக்கக் கைக்குட்டை. குளோரோஃபார்ம் மயக்க மருந்தாகப் புழக்கத்துக்கு வந்தது 1847-இல், எடின்பரோவில் சிம்ப்சன் என்ற மருத்துவரால். வந்த சில ஆண்டுகளிலேயே, அதைக்கொண்டு வழிப்பறி நடப்பதாக இங்கிலாந்தில் பீதி கிளம்பியது. காலராவின் மூலத்தைத் தண்ணீரில் கண்டுபிடித்த ஜான் ஸ்னோவே மயக்க மருந்து நிபுணரும்கூட. அவர் 1851-இல் இதற்கென்று ஒரு கடிதமே எழுதி வெளியிட்டார். விருப்பமில்லாதவரை அந்த மருந்தால் நொடியில் வீழ்த்த முடியாது, நிமிடக்கணக்கில் இழுத்துப் பிடித்தாக வேண்டும், அதற்குள் ஊரே கூடிவிடும் என்பது அவர் வாதம். மருந்து கொஞ்சம் கூடினால் மயக்கம் மரணமாகிவிடும். 170 ஆண்டுகளுக்கு முன்பே மருத்துவர் மறுத்த விஷயத்தைக் கதையும் சினிமாவும் இன்னும் விடவில்லை.

2. பின்மண்டையில் ஓர் அடி. வண்டியில் ஏற்றி ஊர்தாண்டிக் கொண்டுபோகும்வரை மயக்கம், கண் விழித்ததும் கிண்டல் வசனம். நிஜத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் நினைவு திரும்பவில்லை என்றால் மருத்துவர்கள் அதை லேசான மூளைக்காயம் என்ற வகையில் சேர்க்கமாட்டார்கள். வாந்தி, தலைச்சுற்றல், நடந்தது மறந்துபோதல் எல்லாம் வரும்.

3. கை மரத்துப்போவது. இறுகிய விலங்கு மணிக்கட்டின் நரம்பை அழுத்தும். கட்டைவிரலின் பின்பக்கம் மரத்துப்போய், சிலருக்கு வாரக்கணக்கில் உணர்ச்சி திரும்பாது. இரவெல்லாம் கட்டுண்டு கிடந்தவன் கட்டு அறுந்த மறுகணமே குறிபார்த்துச் சுடுவது நடக்காத காரியம். முதலில் அவனால் சட்டைப் பித்தானைக்கூடப் போட முடியாது.

4. சிறுநீர். எந்தச் சாகச நாயகனுக்கும் இது வருவதே இல்லை.

கடைசியாகச் சொன்னதைச் சிரிப்புக்காகச் சேர்த்ததாக நினைக்க வேண்டாம். சிறைப்பட்டவரை உடைப்பது பெரும்பாலும் வலியைவிட அவமானம்தான். புறநானூற்றின் 74-ஆம் பாட்டில் சேரமான் கணைக்கால் இரும்பொறை, தான் சங்கிலியில் கட்டிய நாயைப்போல வைக்கப்பட்டு, தண்ணீருக்குக் கையேந்த வேண்டியதாயிற்றே என்று நோகிறான். அந்தத் தண்ணீரைக் குடிக்காமலேயே இறந்தான் என்பது மரபு. கட்டு இறுகியதைப் பற்றி அவன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

## தண்டவாளத்தில் கட்டப்பட்டது யார்?

முறுக்கு மீசை வில்லன், தண்டவாளத்தில் கட்டப்பட்ட இளம்பெண், தூரத்தில் ரயில், பாய்ந்து வரும் நாயகன். பழைய மௌனப் படங்களில் இதுதான் நடந்துகொண்டே இருந்தது என்று எல்லோரும் நம்புகிறோம். அந்த நம்பிக்கைதான் தவறு.

இந்தக் காட்சியைப் புகழ்பெறச் செய்தது ஒரு நாடகம். நியூயார்க்கில் 1867 ஆகஸ்டில் அகஸ்டின் டேலி மேடையேற்றினார். அதில் தண்டவாளத்தில் கட்டப்படுபவர் ஓர் ஆண். ஸ்னார்க்கி என்று பெயர், உள்நாட்டுப் போரில் ஒரு கையை இழந்த முன்னாள் சிப்பாய். கதாநாயகி லாரா பாதுகாப்புக்காகப் பக்கத்து ரயில்வே கொட்டகைக்குள் இருக்கிறாள், கதவு வெளியே பூட்டியிருக்கிறது. கம்பி வழியாக எல்லாவற்றையும் பார்க்கிறாள். உள்ளே கிடந்த கோடரியால் கதவைப் பிளந்துகொண்டு வந்து, ரயில் பாய்வதற்கு முன் அவனை இழுத்துப் போடுகிறாள். உயிர்பிழைத்த ஸ்னார்க்கி கேட்பதுதான் வேடிக்கை: இப்படிப்பட்ட பெண்களுக்கா ஓட்டுரிமை கிடையாது என்கிறார்கள்? அமெரிக்காவில் நாடு முழுக்கப் பெண்களுக்கு வாக்குரிமை வர இன்னும் 53 ஆண்டுகள் இருந்தன.

காட்சி அவ்வளவு வெற்றி. மறு ஆண்டே லண்டனில் டயான் பூசிகால்ட் தன் நாடகத்தில் அதைப் பாதாள ரயிலுக்கு மாற்றிப் போட்டார். அந்த நாடகம் நியூயார்க் வரவிருந்தபோது டேலி நீதிமன்றம் போனார். வசனம் வேறு, ஆட்கள் வேறு, இடம் வேறு. இருந்தாலும் கட்டுதல், ஒலி நெருங்குதல், இன்னொருவர் தடையை உடைத்து வருதல், கடைசி நொடியில் காப்பாற்றுதல் என்ற நிகழ்ச்சி வரிசையே டேலியின் சொத்து என்று 1868-இல் தீர்ப்பானது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் இன்றும் பேசப்படும் வழக்கு இது. கட்டுண்ட மனிதனும் கடிகாரமும் சேர்ந்தால் அது ஓர் இயந்திரம் என்று முதலில் ஒப்புக்கொண்டது, ஒரு வகையில், நீதிபதிதான்.

அப்படியானால் பெண்ணைக் கட்டியது யார்? 1913-இலும் 1917-இலும் மேக் சென்னட்டின் கீஸ்டோன் நிறுவனத்திலிருந்து வந்த இரண்டு குறும்படங்களில் மேபல் நார்மண்டும் குளோரியா சுவான்சனும் தண்டவாளத்தில் சங்கிலியால் கட்டப்படுகிறார்கள். இரண்டும் நகைச்சுவைப் படங்கள். பழைய மேடை நாடகங்களைக் கேலி செய்யத்தான் அப்படி எடுத்தார்கள். 1917 படத்தில் உதவிக்கு ஓடி வருவது ஒரு நாய்! கேலியையே பின்னால் வந்தவர்கள் அசல் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அதே காலத்தில் தீவிரமாக எடுத்த ரயில் தொடர்களில் நிலைமை வேறு. 1914 முதல் 1917 வரை 119 பகுதிகள் வந்த ஹெலன் தொடரின் நாயகி தந்தி அலுவலகப் பெண். ஓடும் ரயிலில் தாவுவதும் விபத்தைத் தடுப்பதும் அவளே. இன்னும் பின்னால் போனால், 1873-இல் தாமஸ் ஹார்டி எழுதிய ஒரு நாவலில் மலைவிளிம்பில் தொங்குவது ஆண். மேலே நிற்கும் எல்ஃபிரீடு தன் உள்ளாடைகளைக் கிழித்துக் கயிறு திரித்து அவனைத் தூக்குகிறாள்.

ஆக, 'பெண் கட்டுண்டு கிடப்பாள், ஆண் அவிழ்ப்பான்' என்பது ஆதிகால மரபு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. பின்னால் தேர்ந்தெடுத்துக்கொண்ட வழக்கம்தான். நம் சினிமாவின் கிளைமாக்ஸ் குடோனில் வரிசையாகக் கட்டப்படும் அம்மா, தங்கை, காதலி மூவரும் செய்வது ஒரே வேலை: நாயகனின் கையைக் கட்டுவது. அவர்கள் உடலும் நிற்கிறது, அவர்களுக்குள் எதுவும் நகர்வதும் இல்லை.

இந்த வழக்கத்தை முறைத்துப் பார்த்தவர்களில் வில்லியம் மார்ஸ்டன் என்ற உளவியலாளர் ஒருவர். 1941-இல் அவர் உருவாக்கிய வொண்டர் உமன் சித்திரக்கதையில், அவள் வளையல்களை ஓர் ஆண் சங்கிலியால் பிணைத்தால் பலம் போய்விடும் என்று விதி வைத்தார். இதழுக்கு இதழ் கட்டுண்டாள், இதழுக்கு இதழ் உடைத்தாள். பெண்கள் வாக்குரிமைப் போராட்டக் கேலிச்சித்திரங்களில் சங்கிலி உடைக்கும் பெண் அதற்கு முன்பே பழகிய உருவம். ஆனால் பதிப்பகத்தின் ஆலோசனைக் குழுவிலேயே, குழந்தைகள் படிக்கும் இதழில் இவ்வளவு சங்கிலியா என்று எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. உடைப்பதற்காகத்தான் கட்டுகிறேன் என்று சொல்லும் படைப்பாளி, உடைக்கும் கட்டத்தைவிடக் கட்டும் கட்டங்களுக்கு அதிக இடம் கொடுத்தால் கண் எங்கே போகும்?

கல்கியின் சிவகாமி வேறு வகை. 1944-இல் தொடங்கிய அந்தத் தொடரில் அவள் வாதாபியில் புலிகேசியின் கைதி. சவுக்கடிபடும் மற்ற கைதிகளைக் காப்பாற்ற நாற்சந்தியில் ஆடுகிறாள். அப்புறம் மாமல்லர் மாறுவேடத்தில் தேடி வந்து அழைக்கும்போது வர மறுக்கிறாள், வாதாபி எரிந்த பிறகே கிளம்புவதாகச் சபதம். அசோகவனத்தில் அனுமன் தோளில் ஏற மறுத்த சீதையின் சாயல் அதில் உண்டு. மீட்க வந்தவன் வெறுங்கையோடு திரும்புகிறான், அதனால் ஒரு போரே மூள்கிறது. நிற்பவள்தான் எல்லோரையும் நகர்த்துகிறாள்.

## கயிறே இல்லாத சிறை

ஸ்டீவன்சனின் 1883-ஆம் ஆண்டுப் புதையல் தீவுக் கதையில் சிறுவன் ஜிம் கடற்கொள்ளையரிடம் மாட்டுகிறான். காலையில் மருத்துவர் வருகிறார், வேலிக்கு இந்தப் பக்கம் ஜிம், அந்தப் பக்கம் அவர். "தாவி வா, ஓடிவிடலாம்" என்கிறார். ஜிம் மறுக்கிறான், ஓடமாட்டேன் என்று சில்வருக்கு வாக்குக் கொடுத்துவிட்டான். வாக்குக் கொடுத்தது ஒரு கொள்ளைக்காரனுக்கு, மீறச் சொல்வது மரியாதைக்குரிய பெரியவர். பின்னால் சில்வர் அவன் இடுப்பில் கயிறு கட்டி இழுத்துப்போகும் காட்சியும் வருகிறது. ஆனால் வாசகருக்கு மறக்காதது அந்த வேலிதான்.

இப்படிப்பட்ட சிறையை நிஜத்தில் அனுபவித்தவர் ராபர்ட் நாக்ஸ். புயலில் பாய்மரம் இழந்த ஆங்கிலக் கப்பல் ஒன்று திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியார் விரிகுடாவில் ஒதுங்கியது. 1660-இல் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் மகன் நாக்ஸையும் மற்றும் சிலரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். தந்தை மறு ஆண்டே இறந்தார். மகன் 19 ஆண்டுகள் அங்கே இருந்தார். விலங்கு இல்லை, நிலவறை இல்லை. ஆளுக்கொரு ஊரில் விட்டு, ஊரார் சோறு போட வேண்டும் என்று கட்டளை. நாக்ஸ் தொப்பி பின்னி விற்றார், கோழி வளர்த்தார், நெல் கடன் கொடுத்து வட்டி வாங்கினார், நிலம் வாங்கி வீடு கட்டினார். உடன் பிடிபட்டவர்களில் சிலர் அங்கேயே மணம் செய்துகொண்டு குடும்பமானார்கள். நாக்ஸ் செய்துகொள்ளவில்லை.

தப்பும் திட்டத்தை அவர் சுரங்கமாகத் தோண்டவில்லை, வியாபாரமாகத் தோண்டினார். தலையில் சரக்குமூட்டை, கூடவே ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழர். சில்லறைச் சாமான் விற்கும் சாக்கில் ஒவ்வொரு பயணத்திலும் வடக்கே இன்னும் கொஞ்சம் தூரம். வழியில் எந்த ஊரில் காவல், எங்கே காடு, எங்கே ஆறு என்று மனதில் குறித்துக்கொண்டே திரும்பி வருவார். ஊர்க்காரர்களுக்கு அவர் முகம் பழகிவிட்டது.

பின்னாளில் தப்பி ஊர் திரும்பியதும், 1681-இல் லண்டனில் இந்த அனுபவத்தைச் சொல்லும் அவர் நூல் வெளியானது. டேனியல் டீஃபோ அதைப் படித்திருக்கிறார். 1720-இல் எழுதிய ஒரு கடற்கொள்ளைக் கதையில் நாக்ஸின் வரலாற்றைச் சுருக்கி அப்படியே சேர்த்தார். அதற்கு முந்திய ஆண்டு வந்த தனித்தீவு மனிதன் குருசோவின் ஆட்டுப்பட்டியிலும் கணக்கு எழுதும் பழக்கத்திலும் நாக்ஸின் சாயலைப் பார்ப்பவர்கள் உண்டு. சாகச நாவலின் தொடக்கத்திலேயே கண்டி மலைநாட்டுக் கைதி ஒருவரின் நிழல் இப்படி விழுந்திருக்கிறது.

தப்பிய கதைக்கு வருவோம். பல ஆண்டுகள் நாக்ஸை நிறுத்தியது காவலாளிகள் அல்ல. வடக்கே கடும் வறட்சி, போகும் வழியில் குடிக்கத் தண்ணீர் கிடையாது. பாதிவழி போய்ப் போய்த் திரும்பினார். 1679-இல் மழை பெய்து வழி திறந்தது. அனுராதபுரம் தாண்டி, அருவியாற்றின் கரையைப் பிடித்துக்கொண்டு, யானைக்காட்டின் ஊடே இருவரும் நடந்தார்கள். தற்காப்புக்குக் கத்தியும் சிறு கோடரியும் இருந்தன. யாராவது கேட்டால் காட்டுவதற்கு விற்பனைச் சரக்கும் இருந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த டச்சுக் கோட்டையை அடைந்தார்கள்.